தின் கிளையன்டில் ரிமோட் டெஸ்க்டாப்: முதலில் ஒரே ஒரு பெட்டி

தின் கிளையன்ட் பெட்டியை முதன்முதலாகக் கையில் வாங்குகிறவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். ஃபேன் கிடையாது, ஹார்ட் டிஸ்க் கிடையாது. டெல் வைஸ் 3040 என்றால் உள்ளே 2 ஜிபி ரேம், 8 அல்லது 16 ஜிபி சேமிப்பு, அவ்வளவுதான். "இதிலா டேலி ஓடும்?" என்று கேட்பார்கள். ஓடாது. டேலி ஓடுவது உள்ளறையில் இருக்கும் சர்வரில். கீபோர்டில் அழுத்தியதையும் மவுஸ் நகர்ந்ததையும் பெட்டி சர்வருக்கு அனுப்பும். சர்வர் வரைந்து தரும் திரையை வாங்கி மானிட்டரில் காட்டும். இந்தப் போக்குவரத்துக்கான நெறிமுறையின் பெயர் ஆர்டிபி. மைக்ரோசாஃப்ட் இதை 1998-இல் விண்டோஸ் என்டி 4.0-இன் டெர்மினல் சர்வர் பதிப்போடு கொண்டுவந்தது. போர்ட் எண் இன்றும் அதே 3389.

பெட்டியில் வேலை இவ்வளவு குறைவு என்பதால் அதில் தவறு நடக்கவும் இடம் குறைவு. ஆனாலும் புதியவர்கள் இரண்டு நாள் பெட்டியின் செட்டிங்ஸையே குடைந்துகொண்டிருப்பார்கள். தவறு சர்வரில் ஒரு டிக் குறியில் இருக்கும். நான் எப்போதும் சர்வரில் ஆரம்பித்து வெளியே வருவேன். அதோடு, எட்டுப் பெட்டி வாங்கியிருந்தாலும் ஒன்றைத்தான் அட்டையிலிருந்து எடுப்பேன். அது முழுதாக வேலை செய்த பிறகுதான் மற்றவை.

உதாரணத்துக்கு ஒரு அலுவலகத்தை வைத்துக்கொள்வோம். எட்டு பேர் டேலியில் பில் போடுகிறார்கள். ஒரு விண்டோஸ் சர்வர். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய எச்பி தின் கிளையன்ட்கள், உள்ளே தின்ப்ரோ என்ற லினக்ஸ் அமைப்பு. உங்களிடம் இருப்பது டெல் வைஸோ ஐஜெல் நிறுவனத்துப் பெட்டியோ என்றால் திரையில் பெயர்கள் கொஞ்சம் மாறும், நிரப்ப வேண்டியவை மாறாது.

சர்வர் பக்கம்

முதல் கேள்வி, எந்த விண்டோஸ்? ஹோம் பதிப்பு என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். வெளியிலிருந்து வரும் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை அது ஏற்காது. ப்ரோ ஏற்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும். இரண்டாமவர் உள்ளே வந்தால் முதலாமவர் வெளியே போக வேண்டும். இதை மீறுவதற்கென்று இணையத்தில் ஒரு பேட்ச் சுற்றுகிறது. லைசென்ஸ் மீறல் என்பது ஒரு பக்கம். விண்டோஸ் அப்டேட் வரும்போது அது படுத்துவிட்டால் திங்கட்கிழமை காலை எட்டு பேரும் உங்களைத்தான் தேடுவார்கள்.

விண்டோஸ் சர்வர் இருந்தாலும் நிர்வாக வேலைக்கென்று இரண்டு பேருக்குத்தான் இலவச அனுமதி. அதற்கு மேல் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் என்ற பகுதியை நிறுவ வேண்டும். ஆர்டிஎஸ் சிஏஎல் என்ற லைசென்ஸும் வாங்க வேண்டும். சாதாரண சர்வர் சிஏஎல் வேறு, இது வேறு. விற்பவரிடம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். நிறுவியதும் 120 நாள் சலுகைக் காலம் ஓடும். இந்த 120 நாள்தான் பலரைக் கவிழ்த்திருக்கிறது: நான்கு மாதம் எல்லாம் நன்றாக நடக்கும், அமைத்தவரும் பணம் வாங்கிக்கொண்டு போயிருப்பார், பிறகு ஒரு நாள் ஒருவராலும் உள்ளே போக முடியாது.

லைசென்ஸ் ஆளுக்கா, கருவிக்கா என்றும் கேட்பார்கள். டொமைன் (எல்லாக் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாமல், ஒவ்வொரு கணினியும் தன் கணக்குகளைத் தானே வைத்துக்கொள்ளும் வெறும் வொர்க்குரூப்பில் இருக்கும் சிறிய அலுவலகம் என்றால் கருவிக்கு என்பதை வாங்குங்கள். வொர்க்குரூப்பில் ஆளுக்கு என்ற லைசென்ஸைப் போட்டால், சர்வர் 2019-இலிருந்து 60 நிமிடத்தில் துண்டிக்கப்படுவீர்கள் என்ற எச்சரிக்கையோடு செஷன், அதாவது சர்வரில் உங்களுக்கென்று திறந்திருக்கும் வேலையிடம், அறுந்துபோகும். இன்னொன்று: வொர்க்குரூப்பில் விரைவு நிறுவல் வழிகாட்டி ஒத்துவராது, அதற்கு டொமைன் வேண்டும். செஷன் ஹோஸ்ட், லைசென்சிங் என்ற இரண்டை மட்டும் சாதாரண ரோல் போலச் சேர்த்துவிட்டு, லைசென்ஸ் சர்வரின் பெயரையும் லைசென்ஸ் வகையையும் குரூப் பாலிசி என்ற விண்டோஸ் விதிப் பட்டியலில் கையால் எழுத வேண்டும். டேலிக்கும் பல பேர் பயன்படுத்தும் கோல்டு லைசென்ஸ் தேவை, சில்வர் ஒருவருக்கானது.

அடுத்தது யூசர்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. "கவுன்ட்டர்" என்று ஒரே பெயரை எட்டு பேருக்குக் கொடுக்காதீர்கள். வழக்கமான அமைப்பில் ஒரு யூசருக்கு ஒரு செஷன்தான்; ஒருவர் நுழைந்தால் அதே பெயரில் இருந்த இன்னொருவரின் திரை அவரிடம் போய்விடும். கணக்குகளை உருவாக்கியதும் ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் என்ற குழுவில் சேர்க்க வேண்டும். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் சேர்த்தாலும் உள்ளே வர முடியும், அதனால்தான் அவசரத்தில் பலர் அப்படிச் செய்கிறார்கள். நானும் ஒரு தடவை செய்தேன். மாலை ஆறு மணிக்கு ஒரு அக்கா, தன் பெட்டியை அணைப்பதாக நினைத்து ஷட் டவுன் கொடுத்தார். அணைந்தது சர்வர். மற்ற ஏழு பேரும் பாதி வவுச்சரில் இருந்தார்கள். தப்பு அவருடையதா என்ன? சாதாரண யூசராக வைத்திருந்தால் அந்தப் பட்டனே அவருக்குப் பலித்திருக்காது.

பாஸ்வேர்டில் இரண்டு பொறிகள். ஒன்று, பாஸ்வேர்டே இல்லாத லோக்கல் கணக்கு: சர்வரின் முன்னால் உட்கார்ந்து திறக்கலாம், ரிமோட்டில் விண்டோஸ் விடாது. இரண்டாவது, புதிய கணக்கு உருவாக்கும்போது தானாகவே டிக் ஆகியிருக்கும் "அடுத்த லாகினில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்" என்ற வரி. கீழே சொல்லப்போகும் என்எல்ஏ இயங்கும்போது, பாஸ்வேர்டை மாற்றும் திரைக்குப் போவதற்கு முன்பே இணைப்பு மறுக்கப்படும். பெட்டியில் தெரிவது ஏதோ ஒரு பொதுவான லாகின் பிழை மட்டும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

என்எல்ஏ என்றால், திரையை வரைந்து காட்டுவதற்கு முன்பே பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்க்கும் முறை. ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கும் அதே இடத்தில், அதாவது செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் பக்கத்தில் இதற்கான தேர்வும் இருக்கும். பழைய பெட்டி இணையவில்லை என்றதும் "என்எல்ஏவை எடுத்துவிடு" என்பார்கள். எடுக்காதீர்கள். 2019-இல் புளூகீப் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, பாஸ்வேர்டு தெரியாத யாரும் நுழையாமல் பழைய சர்வர்களுக்கு ஓரளவு தடுப்பாக நின்றது இதுதான். பெட்டியின் ஃபர்ம்வேரை அப்டேட் செய்வதே சரியான வழி.

மிச்சமுள்ளவை சில நிமிட வேலை. சர்வருக்கு மாறாத ஐபி கொடுங்கள், 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டர் தானாகப் பங்கிடும் எண்களுக்கு வெளியே இருக்கும்படி எடுங்கள். ஸ்லீப்பை முழுதாக அணையுங்கள். நெட்வொர்க் வகை பப்ளிக் என்றிருந்தால் பிரைவேட் ஆக்குங்கள். ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான விதி, அம்சத்தை இயக்கும்போதே திறந்துகொள்ளும். தனியாக வேறு ஆன்டிவைரஸ் ஃபயர்வால் போட்டிருந்தால் அதில் 3389-ஐ டிசிபி, யுடிபி இரண்டுக்கும் திறக்க வேண்டும்.

ஒரு லேப்டாப்பில் சோதனை

பெட்டியை இன்னும் தொடாதீர்கள். அதே ஸ்விட்ச்சில் ஒரு விண்டோஸ் லேப்டாப்பைச் செருகி, ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷனைத் திறந்து, 192.168.1.10 கொடுத்து, ஒரு சாதாரண யூசராக நுழையுங்கள். டேலியைத் திறந்து ஒரு பில் போட்டுப் பாருங்கள். இது வேலை செய்யவில்லை என்றால் தின் கிளையன்டும் செய்யாது. செய்தால், இனி வரும் கோளாறு எதுவானாலும் பெட்டியில்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். பத்து நிமிடச் சோதனை, பாதி நாளை மிச்சப்படுத்தும். அட்மினாக நுழைந்து சோதித்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். அட்மினுக்கு எப்போதும் கதவு திறக்கும்.

இப்போது பெட்டி: முதலில் தேதி

செகண்ட் ஹேண்ட் பெட்டி என்றால் ஆன் செய்ததும் நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தை. மதர்போர்டில் ஒரு காசு அளவு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்த பெட்டியில் அது செத்துப்போயிருக்கும். மின்சாரம் போய் வந்தால் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். சர்வர் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழ் "இன்னும் ஆரம்பிக்கவே இல்லை" என்று பெட்டி நினைத்துக்கொள்ளும், இணைப்பு அறுந்துபோகும். டொமைன் இருக்கும் இடத்தில் இன்னும் கறார்: அங்கே ஆளைச் சரிபார்க்கும் கெர்பெரோஸ் என்ற முறை வழக்கமாக 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் ஏற்காது. ஒரு அலுவலகத்தில் ஒரே ஒரு பெட்டி மட்டும் காலையில் தகராறு செய்யும், நாம் போய்ப் பார்த்தால் சரியாகிவிடும். மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. இரவு மெயின் ஸ்விட்ச்சை அணைப்பதால் அந்தப் பெட்டியின் கடிகாரம் தினமும் அழிந்துபோயிருக்கிறது. இணையத்திலிருந்து நேரம் வந்து சேர்ந்த பிறகுதான் இணைப்பு கிடைத்திருக்கிறது. சில பத்து ரூபாய் பேட்டரி. மாற்றியதோடு முடிந்தது.

ஆகவே பேட்டரியை மாற்றுங்கள், டைம் ஜோனை கொல்கத்தா ஆக்குங்கள், நேரத்தை வாங்கும் என்டிபி சர்வர் முகவரியையும் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட பெட்டிகளில் அமெரிக்க நேரம் அப்படியே இருக்கும்.

பயாஸில் ஒரே ஒரு வேலை: மின்சாரம் போய்த் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்ற தேர்வு. அதைப் பவர் ஆன் என்று வையுங்கள். காலையில் மெயின் போட்டதும் பெட்டிகள் தானாக எழுந்துகொள்ளும். நம் ஊர் கரன்ட்டுக்கு இது அவசியம். சர்வருக்கும் ஸ்விட்ச்சுக்கும் யுபிஎஸ் கட்டாயம். பெட்டி அணைந்தாலும் சர்வரில் செஷன் அப்படியே காத்திருக்கும், மீண்டும் நுழைந்தால் விட்ட இடத்திலேயே இருக்கலாம். ஸ்விட்ச் அணைந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்விடும்.

பெட்டியில் இருப்பது லினக்ஸ் இல்லாமல் விண்டோஸ் என்றால் ஒரு விசேஷம் உண்டு. ரைட் ஃபில்டர் என்று ஒரு காவல்காரன் இருப்பான். நீங்கள் எழுதும் எதையும் டிஸ்க்குக்குப் போகவிடாமல் நினைவகத்தில் தேக்கிவைத்து, ரீஸ்டார்ட் ஆனதும் துடைத்துவிடுவான். பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி மூன்று பெட்டிகளைப் பொறுமையாக அமைத்துவிட்டு மாலை வீட்டுக்குப் போனான். காலையில் மூன்றும் பழையபடி. முதலில் அட்மின் கணக்கில் நுழைய வேண்டும். பெட்டி தானாகச் சாதாரண யூசராக நுழைந்துவிடும். சைன் அவுட் கொடுக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்திருந்தால் லாகின் திரையில் நிற்கும். ஃபில்டரை அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, எல்லாவற்றையும் அமைத்து, மறுபடி ஃபில்டரை இயக்கி, மறுபடி ரீஸ்டார்ட். அப்புறம், கருவி லைசென்ஸ் வாங்கியிருந்தால் அந்த லைசென்ஸைப் பெட்டி தன் ரெஜிஸ்ட்ரியில்தான் வைத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் லைசென்சிங் விவரங்கள் இருக்கும் அந்தக் கிளைக்கு ஃபில்டரில் விலக்கு கொடுக்காவிட்டால், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் சர்வர் அதைப் புதுப் பெட்டி என்று நினைக்கும்.

இணைப்பை உருவாக்குவது

தின்ப்ரோவில் வழக்கமாகப் பெட்டி யூசர் பயன்முறையில் இருக்கும். மெனுவில் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு மாறிக்கொள்ளுங்கள். முதல் தடவை பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். கனெக்ஷன் மேனேஜரில் புதிய ஆர்டிபி இணைப்பு ஒன்றை உருவாக்கினால் இடப்பக்கம் நெட்வொர்க், சர்வீஸ், விண்டோ, ஆப்ஷன்ஸ், லோக்கல் ரிசோர்சஸ், எக்ஸ்பீரியன்ஸ், அட்வான்ஸ்டு என்று ஒரு வரிசை வரும்.

நெட்வொர்க் பக்கத்தில்தான் பாதி பேர் தடுக்கி விழுகிறார்கள். சர்வர் முகவரி 192.168.1.10. யூசர் பெயர், பாஸ்வேர்டு இரண்டையும் காலியாக விடுங்கள். ஒவ்வொருவரும் காலையில் தானே போட்டுக்கொள்ளட்டும். ஒரே ஆள் உட்காரும் இடம் என்றால் பெயரை மட்டும் நிரப்பலாம். பாஸ்வேர்டைச் சேமித்துவைத்தால், பெட்டியை ஆன் செய்யத் தெரிந்த எவரும் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிடலாம். டொமைன் என்ற கட்டத்தில், டொமைன் இருந்தால் அதன் பெயர். வொர்க்குரூப் என்றால் சர்வரின் கணினிப் பெயர். "வொர்க்குரூப்" என்ற சொல்லையே அதில் எழுதிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போர்ட்டை 3389 என்றே விடுங்கள்.

சர்வீஸ் பக்கத்தில் ரிமோட் கம்ப்யூட்டர் என்பது போதும். விண்டோவில் முழுத்திரை. டேலி தவிர வேறெதுவும் திறக்கக் கூடாது என்றால், நுழைந்ததும் இயங்க வேண்டிய ஒரே நிரலாக டேலியைக் கொடுக்கும் வழியும் இருக்கிறது. நான் முதல் வாரத்தில் அதைச் செய்வதில்லை. ஏதாவது தகராறு என்றால் டெஸ்க்டாப் தெரிந்தால்தான் பார்க்க முடியும்.

அட்வான்ஸ்டு பக்கத்தில் இரண்டு டிக்: ஆட்டோ ரீகனெக்ட், அதாவது அறுந்தால் தானே மறுபடி இணைவது, நெட்வொர்க் வரும்வரை காத்திருந்து இணைவது. இரண்டாவதை விட்டுவிட்டால், காலையில் மெயின் போட்டதும் பெட்டி ஸ்விட்ச்சைவிட வேகமாக எழுந்து, "சர்வர் இல்லை" என்று பிழை காட்டி நிற்கும். தானாக ஆரம்பிக்கும் முன்னுரிமைக்கு 1 கொடுத்தால் பூட் ஆனதும் நேராக லாகின் வரும்.

சேமித்துவிட்டு இணைத்தால் முதல் தடவை சான்றிதழ் எச்சரிக்கை வரும். சர்வர் தனக்குத்தானே கையெழுத்திட்டுக்கொண்ட சான்றிதழ் அது, பெட்டிக்கு அதை யார் என்று தெரியாது. சொந்த அலுவலக கேபிளுக்குள், சான்றிதழை அடையாளம் காட்டும் கைரேகை எண்ணை ஒருமுறை சர்வரோடு ஒப்பிட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தன்-சான்றிதழின் ஆயுள் 6 மாதம்தான்; விண்டோஸ் அதன்பிறகு தானே புதிதாக உருவாக்கிக்கொள்ளும். பழைய கைரேகையை நினைவில் வைத்திருக்கும் பெட்டிகள் எல்லாம் ஒரே காலையில் "சர்வர் மாறிவிட்டது, யாரோ நடுவில் இருக்கலாம்" என்று அலறும். தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். டொமைன் இருக்கும் இடம் என்றால் நீண்ட ஆயுளுள்ள சான்றிதழ் ஒன்றை முறையாக வழங்கி அதன் மூலச் சான்றிதழைப் பெட்டிகளில் ஏற்றிவிடுவது நல்லது.

திரையும் வேகமும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு பழைய பழக்கத்தைத் தவிர. "ஸ்லோவா இருக்கா, கலரை 16 பிட் ஆக்கு" என்பார்கள். மோடம் காலத்தில் அது சரி. இன்றைய ஆர்டிபியின் புதிய திரைச் சுருக்க முறைகள் 32 பிட்டில்தான் இயங்கும். 16-க்கு இறக்கினால் அவை அணைந்து, சில நேரம் இன்னும் மந்தமாகிவிடும். அலுவலகத்துக்குள் கேபிள் என்றால் 32 பிட், எக்ஸ்பீரியன்ஸில் லான். கிளை அலுவலகத்திலிருந்து மெல்லிய லைனில் வருகிறவர்களுக்கு வால்பேப்பரையும் அனிமேஷனையும் எடுத்துவிட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். எழுத்து மிருதுவாக்கலை மட்டும் எடுக்காதீர்கள், நாள் முழுக்க எண்களையே பார்க்கிறவர்களின் கண்ணுக்கு ஆகாது. வைஃபை வேண்டாம், மற்ற வேலைக்கு அது போதும், கீ அழுத்தி அரை நொடி கழித்து எழுத்து வந்தால் பில் போடுகிறவருக்குப் பொறுக்காது.

பிரிண்டர், டோக்கன், பென் டிரைவ்

நம் அலுவலகங்களில் உண்மையான தலைவலி இங்கேதான்.

லேசர் பிரிண்டர் நெட்வொர்க்கில் இருந்தால் அதைப் பெட்டி வழியாகக் கொண்டுபோகவே வேண்டாம். சர்வரிலேயே நேராக நிறுவிவிடுங்கள். சிக்கல் மேசையிலேயே இருக்கும் டாட் மேட்ரிக்ஸில். அதை யூஎஸ்பியில் பெட்டியில் செருகி லோக்கல் ரிசோர்சஸில் பிரிண்டரை டிக் செய்தால் சர்வரில் தெரியும். விண்டோஸ் பெட்டி என்றால் ஈசி பிரின்ட் என்ற பொது டிரைவர் வழியாகப் போகும். அது பக்கம் முழுவதையும் படமாக்கி அனுப்பும். டாட் மேட்ரிக்ஸ் ஒவ்வொரு எழுத்தையும் வரைந்து வரைந்து, ஒரு பில்லுக்கு நிமிடக்கணக்கில் கதறும். லினக்ஸ் பெட்டியில் ஈசி பிரின்ட் கிடையாது: சர்வரில் அந்த பிரிண்டரின் டிரைவரை நிறுவி, அங்கே இருக்கும் டிரைவர் பெயரை எழுத்துக்கு எழுத்து, இடைவெளிகூட மாறாமல், பெட்டியின் பிரிண்டர் அமைப்பில் கொடுக்க வேண்டும். ஒரு எழுத்து தப்பினாலும் பிரிண்டர் சர்வரில் தோன்றாது, பிழையும் வராது. தொல்லைதான், ஆனால் இப்படி அமைத்தால் டாட் மேட்ரிக்ஸ் தன் பழைய வேகத்தில் ஓடும்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இன்னொரு புதிர். ஜிஎஸ்டி, வருமான வரித் தாக்கல் செய்கிற இடங்களில் இபாஸ் 2003 போன்ற யூஎஸ்பி டோக்கன் இருக்கும். "எல்லோரும் பயன்படுத்தட்டும்" என்று அதைக் கொண்டுபோய் சர்வரில் செருகுவார்கள். ரிமோட்டில் நுழைந்தவருக்கு அது தெரியவே தெரியாது. காரணம், ரிமோட் செஷனுக்குள் ஸ்மார்ட் கார்டு எங்கே என்று விண்டோஸ் கேட்கும்போது அந்தக் கேள்வி நுழைந்தவரின் பெட்டிக்குத் திருப்பிவிடப்படும். ஆக டோக்கன் செருக வேண்டிய இடம் பெட்டி. டோக்கனின் மென்பொருள் நிறுவ வேண்டிய இடம் சர்வர். லோக்கல் ரிசோர்சஸில் ஸ்மார்ட் கார்டு டிக் ஆகியிருக்க வேண்டும். அதை யூஎஸ்பி ரீடைரக்ஷன் என்ற தனி வழியில் அனுப்ப முயன்றால் இரண்டு வழியும் மோதிக்கொள்ளும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவ் ரீடைரக்ஷன், அதாவது பெட்டியில் செருகும் பென் டிரைவ் சர்வரில் தெரிவது, எட்டில் ஏழு பேருக்கு வேண்டாம். அணைத்துவிடுங்கள். வைரஸ் வருவதற்கும் கணக்கு வெளியே போவதற்கும் ஒரே கதவு அது. கிளிப்போர்டு இருக்கட்டும்.

தமிழில் தட்டச்சு

"பெட்டியில் தமிழ் கீபோர்டு எங்கே?" என்று தேடுகிறார்கள். அங்கே தேட வேண்டாம். வழக்கமான அமைப்பில் பெட்டி அனுப்புவது எழுத்துகளை அல்ல, எந்த விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை. அதை எழுத்தாக்குவது சர்வர். ஆகவே பெட்டியில் அமெரிக்க ஆங்கிலம் என்று ஒரே அமைப்பு. தமிழ்99-ஐ சர்வரில் அந்தந்த யூசரின் மொழி அமைப்பில் சேர்க்க வேண்டும். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை பழகியவர்களுக்கும் அவற்றைச் சர்வரில்தான் நிறுவ வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் சேமித்த கோப்புகள் இருந்தால் எழுத்துருவும் சர்வரில், எல்லா யூசருக்கும் பொதுவாக. பெட்டியில் பிரிட்டிஷ் ஆங்கிலம் என்று இருந்துவிட்டால் மேற்கோள் குறியும் அட் குறியும் இடம் மாறும், பாஸ்வேர்டில் அட் குறி வைத்தவர் உள்ளே வர முடியாமல் தவிப்பார். இந்த ஒன்றுக்காக நான் ஒருமுறை 40 கிலோமீட்டர் பைக்கில் போயிருக்கிறேன்.

டிஸ்கனெக்ட், சைன் அவுட்

மாலை பெட்டியை அப்படியே அணைத்துவிட்டுப் போனால் செஷன் சர்வரில் உயிரோடு இருக்கும். சௌகரியம்தான், ஆனால் எட்டு பேரும் ஒரு மாதம் இப்படியே போனால் சர்வரின் ரேம் நிரம்பி, டேலி கோப்புகள் திறந்தபடியே கிடந்து, பேக்கப்பும் தகராறு செய்யும். குரூப் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்டின் கீழ் செஷன் நேர வரம்புகள் என்ற பகுதி இருக்கிறது. டிஸ்கனெக்ட் ஆன செஷனை முடிக்க எவ்வளவு நேரம் என்பதில் 3 மணி நேரம் வையுங்கள். கரன்ட் போய் வருவதற்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் அது தாங்கும். சும்மா இருக்கும் செஷனுக்கான வரம்பை மட்டும் அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போது பாதி பில் மறைந்தால் உங்களைத்தான் திட்டுவார்கள்.

வராவிட்டால்

பதிலே வராமல் நேரம் முடிந்து நின்றால்: கேபிள், ஐபி, ஃபயர்வால், சர்வர் தூங்கிவிட்டதா, இந்த வரிசை. பெட்டியிலிருந்தே பிங் அடித்துப் பாருங்கள். பிங் போகிறது, இணைப்பு இல்லை என்றால் 3389 அடைபட்டிருக்கிறது. பாஸ்வேர்டு கேட்டுவிட்டு மறுத்தால் நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம்: டொமைன் கட்டம், ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குழு, அந்த "மாற்ற வேண்டும்" டிக், கடிகாரம். கிரெட்எஸ்எஸ்பி (பாஸ்வேர்டைச் சர்வரிடம் ஒப்படைக்கும் நெறிமுறை) என்ற சொல் பிழையில் தெரிந்தால் 2018 மே மாத விண்டோஸ் அப்டேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் சர்வரும் பெட்டியும் இரண்டுமே புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும், பெட்டி புதுப்பிக்கப்பட்டு சர்வர் பழசாகவே இருந்தால் கைகுலுக்க மாட்டா. லைசென்ஸ் என்ற சொல் தெரிந்தால் அந்த 120 நாள் முடிந்ததா என்று முதலில் எண்ணுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். வீட்டிலிருந்து வேலை பார்க்க முதலாளி கேட்டார் என்று ரவுட்டரில் 3389-ஐ வெளியே திறந்துவிடாதீர்கள். இணையம் முழுவதையும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் உங்கள் கதவையும் கண்டுபிடித்து, இரவு முழுவதும் பாஸ்வேர்டுகளை முயன்றுகொண்டிருக்கும். போர்ட் எண்ணை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடும். விபிஎன் போடுங்கள், அல்லது ஆர்டி கேட்வே என்ற இடைவாசலை வைத்து 443 போர்ட் வழியாக வரவிடுங்கள்.

மற்ற ஏழு

முதல் பெட்டி சரியாகிவிட்டது என்று தோன்றும்போது அதன் அமைப்பைக் கோப்பாக எடுத்துவைக்கலாம். தின்ப்ரோவில் ப்ரொஃபைலாக ஏற்றுமதி செய்து மற்றவற்றில் இறக்கலாம். பெட்டிகள் அதிகம் என்றால் எச்பி டிவைஸ் மேனேஜர், டெல்லுக்கு வைஸ் மேனேஜ்மென்ட் சூட், ஐஜெலுக்கு யுஎம்எஸ் இருக்கின்றன. எட்டுக்கு நான் இவற்றை நிறுவுவதில்லை, பென் டிரைவே போதும். இறக்கியதும் ஒவ்வொன்றின் ஹோஸ்ட் பெயரை மட்டும் மாற்ற மறக்காதீர்கள். டிசி-01, டிசி-02 என்று வைத்து, அதையே ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியின் முகப்பில் ஒட்டுங்கள். கீழ்ப்பக்கம் ஒட்டினால் போனில் பேசுகிறவர் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பார், கேபிள் கழன்றுவிடும்.

ஏற்றுமதிக்கு முன் கடைசிச் சோதனை. பெட்டி வேலை செய்துகொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டு எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பெட்டி தானாக எழ வேண்டும், தேதி சரியாக இருக்க வேண்டும், லாகின் திரை தானே வர வேண்டும், பாஸ்வேர்டு போட்டதும் நீங்கள் விட்ட அதே பாதி வவுச்சர் திறந்தபடி இருக்க வேண்டும். வந்ததா? சரி, இரண்டாவது பெட்டியின் அட்டையைப் பிரியுங்கள்.